கரையில் காத்திருப்பவர்களின் 53 மணி

அக்டோபர் பிறந்துவிட்டால் தங்கச்சிமடம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்துக் கத்தோலிக்கத் தெருக்களில் பொழுது சாயும் நேரத்துக்கென்று ஒரு சத்தம் வந்துவிடும். மாதா சுரூபம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் சேர்ந்த குழுவான அன்பியத்துக்காரர்கள் மெழுகுவர்த்தி பிடித்துப் பின்னால் நடப்பார்கள். வாசலில் விரித்த பாயில் உட்கார்ந்து ஒரு குரல் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று எடுத்துக் கொடுக்கும். ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்று முப்பது குரல் அதை வாங்கி முடிக்கும். அப்படி ஓர் இரவில், ஜெபமாலை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி முடித்த தம்பி ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஜெபத்த அம்பத்து மூணு தடவ சொல்றோம். ஒரு தடவ சொன்னா மாதாவுக்குக் கேக்காதா?”

அன்று ஏதோ ஒரு பதில் சொன்னேன். அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. கேள்வியில் எந்தக் குற்றமும் இல்லை. சின்ன வயதிலிருந்து வாயில் ஓடுகிற ஜெபத்தை ஒருநாள் நிறுத்தி, இது என்ன என்று கேட்பது விசுவாசத்துக்கு நல்லதுதான். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் மாலையைக் கையில் எடுத்து எண்ணுவோம். சிறிய மணி 53, பெரிய மணி 6, ஆக 59. சிறிய மணிக்கு அருள் நிறைந்த மந்திரம், பெரிய மணிக்கு ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்ற பரலோக மந்திரம். தொங்கும் பகுதியில் மூன்று சிறு மணி, வட்டத்தில் பத்துப் பத்தாக ஐந்து பத்து. அதனால்தான் நம் பெரியவர்கள் இதை ஜெபமாலை என்று சொல்வதைவிட ‘53 மணி ஜெபம்’ என்றே அதிகம் சொன்னார்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஆண்டவருடைய வாழ்விலிருந்தோ மாதாவின் வாழ்விலிருந்தோ ஒரு நிகழ்ச்சி உண்டு. முன்பு தேவ இரகசியம் என்றோம், இப்போது மறையுண்மை என்கிறோம். வாய் மந்திரத்தைச் சொல்கிறது. மனம் அந்த நிகழ்ச்சிக்குள் நிற்கிறது. இந்த இரண்டாவது பாதி விட்டுப்போனால் மிச்சம் இருப்பது எண்ணிக்கை மட்டும். தியானம் இல்லாத ஜெபமாலை உயிர் இல்லாத உடலைப் போன்றது என்று திருத்தந்தை 6ஆம் பவுல் 1974-ல் எழுதினார். தம்பியின் கேள்வி உண்மையில் அந்த உயிரில்லாத உடலைப் பார்த்து எழுந்த கேள்வி.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஐரோப்பாவின் பழைய மடங்களில் துறவிகள் விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் முறை வைத்துப் பாடினார்கள். அதற்கு இலத்தீன் படிக்கத் தெரிய வேண்டும், கையில் புத்தகம் வேண்டும். வயலிலும் அடுப்படியிலும் வேலை செய்த சகோதரர்களுக்கும், மடத்துக்கு வெளியே இருந்த பாமர மக்களுக்கும் இரண்டும் இல்லை. அவர்கள் 150 திருப்பாடலுக்குப் பதிலாக 150 பரலோக மந்திரம் சொன்னார்கள், பிறகு 150 அருள் நிறைந்த மந்திரம் சொன்னார்கள். எண்ணிக்கை தப்பாமல் இருக்கக் கயிற்றில் முடிச்சு, பிறகு மணி. புனித சாமிநாதருக்கு மாதாவே ஜெபமாலையைக் கொடுத்தார் என்பது திருச்சபையில் வழிவழியாக வரும் மரபு. நம் கோவில் படங்களிலும் அதைப் பார்க்கிறோம். வரலாற்றுச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இது சில நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல உருவான ஜெபம். 15ஆம் நூற்றாண்டில் ஆலன் தெ லா ரோச் என்ற சாமிநாதர் சபைத் துறவி இதை ஊர் ஊராகப் பரப்பினார். திருத்தந்தை 5ஆம் பயஸ் 1569-ல் இதற்கு அதிகாரபூர்வமான வடிவத்தை உறுதிப்படுத்தினார். எழுத்தறியாதவனும் திருச்சபையின் ஜெபத்தில் பங்கு பெறட்டும் என்று பிறந்த மாலை இது. அந்தப் பிறப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது: புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், இருட்டில் விரலே போதும்.

மாதா மந்திரம் என்கிற அருள் நிறைந்த மந்திரமும் ஒரே நாளில் வந்ததல்ல. முதல் வரி லூக்கா நற்செய்தியில் கபிரியேல் தூதர் சொன்னது. அடுத்த வரி, வயிற்றில் பிள்ளையோடு இருந்த எலிசபெத்து வாசலில் நின்று சொன்னது. ‘பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக’ என்று வரும் பின்பாதி மட்டும்தான் திருச்சபை சேர்த்தது. 1568-ல் வந்த உரோமைக் கட்டளை ஜெப நூலில் அது இன்றைய வடிவத்தில் இடம்பெற்றது. முன்பாதி வாழ்த்து, பின்பாதி கெஞ்சல். வாழ்த்திவிட்டுக் கேட்பது நம் ஊர் வழக்கமும்தானே.

இந்த ஜெபம் நம் கடற்கரைக்கு வந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தமிழ் தெரியாதவர். இங்குள்ளவர்களைக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம் எல்லாவற்றையும் தமிழில் சொல்லவைத்து மனப்பாடம் செய்தார். கையில் மணி ஒன்றை அடித்துக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டினார். அவர் கற்றுக்கொடுத்த முறையை 1544-ல் எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் 12 பகுதிகளுக்கும் ஒவ்வொரு பரலோக மந்திரம், ஒவ்வொரு அருள் நிறைந்த மந்திரம். 10 கட்டளைகளுக்கும் அதேபோல. ஓர் உண்மையைச் சொல், பிறகு ஜெபத்தால் அதில் கொஞ்ச நேரம் நில், அடுத்ததற்குப் போ. ஜெபமாலையின் எலும்புக்கூடு இதுவேதான். அந்த மொழிபெயர்ப்பில் தவறும் இருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்ததை அவரே கண்டுபிடித்து, திருத்திச் சொல்லும்படி தம் தோழருக்கு எழுதினார். எனக்கு அந்தத் தவறு மிகவும் பிடிக்கும். ‘எனக்கு வேணும்’ என்றுதானே இந்தக் கரை முதலில் ஜெபித்திருக்கிறது!

பிறகு வந்த காலம் எளிதாக இல்லை. மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற வேதாளையில், 1549-ல், அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். படை வருவது தெரிந்தும் வள்ளம் ஏறித் தப்பாமல், பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றி அனுப்பக் கரையிலேயே நின்றவர் அவர். மறவர் சீமையில் போதிக்கக் கூடாது என்ற தடையை மீறித் திரும்பி வந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். இப்படிப்பட்ட காலங்களில் குருவானவர் ஓர் ஊருக்கு எப்போது வருவார் என்பதற்கு உறுதி கிடையாது. பூசை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தாங்கியது உபதேசியாரும், வாயில் தங்கிய ஜெபங்களும்தான்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்தது இன்னும் கூர்மையான கதை. 1658-ல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் டச்சுக்காரர் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லை. கோவாவிலிருந்து புறப்பட்ட ஜோசப் வாஸ் அடிகளார் 1687-ல் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியில் தோணி ஏறி இலங்கை போனார். யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகக் கேட்க முடியாத ஊர். அவர் கழுத்தில் ஒரு ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பிச்சை கேட்டு நடந்தார். அதைப் பார்த்ததும் எந்த வீட்டுக்காரர் முகம் மாறுகிறது என்று கவனித்தார். குரு இல்லாமல் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் ஓடியும் அந்த மாலை என்னவென்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதைக் கொண்டே ஒரு திருச்சபை மீண்டும் கூடியது. 2015-ல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஜெபமாலையின் மதிப்பு என்ன என்று யாராவது என்னிடம் சுருக்கமாகக் கேட்டால் இந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

இனித் தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். திரும்பத் திரும்பச் சொல்வது தவறு என்று சொல்கிறவர்கள் மத்தேயு 6:7-ஐக் காட்டுவார்கள். வேண்டும்போது பிதற்ற வேண்டாம் என்று ஆண்டவர் சொல்கிறார். அந்த வசனம் கண்டிப்பது, நிறையப் பேசினால்தான் கடவுள் கேட்பார் என்ற எண்ணத்தை. அதே மத்தேயு 26:44-ல், கெத்சமனியில், ஆண்டவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித் தந்தையிடம் வேண்டினார் என்று இருக்கிறது. 136ஆம் திருப்பாடலில் 26 வசனம். இறைவனின் பேரன்பு என்றும் உள்ளது என்பது 26 முறையும் வருகிறது. துயரத்தில் இருப்பவன் புதுப்புது வாக்கியம் தேடுவதில்லை. நோவில் கிடக்கிற பிள்ளை “அம்மா” என்று எத்தனை முறை கூப்பிடுகிறது என்று எந்தத் தாயும் எண்ணுவதில்லை.

ஆகவே 53 முறை சொல்வது மாதாவுக்குக் கேட்காது என்பதால் அல்ல. நமக்கு மனம் நிற்காது என்பதால். என் அப்பத்தாவின் ஜெபமாலையைப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மர மணி, வியர்வையிலும் மீன் கையிலும் பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது. நூல் அறுந்தபோது அதை வலை நைலானில் கோத்து, மணிக்கு மணி வலை முடிச்சுப் போட்டிருந்தார். மூன்றாம் பத்தில் ஆறாவது மணி எங்கோ விழுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சின்னச் சோழியைக் கோத்து வைத்திருந்தார். வழுவழுவென்று மற்ற மணிகளைத் தாண்டி வந்த விரல் அந்தச் சோழியில் தட்டி ஒரு கணம் நிற்கும். “வேற மணி வாங்கிப் போடவா அப்பத்தா” என்று ஒருமுறை கேட்டேன். “வேணாம்யா. நெனப்பு கடலுக்குப் போயிரும். சோழி வந்ததும் கரைக்கு வந்துரும்” என்றார். கணவரையும் மூன்று மகன்களையும் கடலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவர் சொன்னது அது. பராக்கைப் பற்றித் தவத்தியானங்களில் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. நினைப்பு போகும். அதைக் குற்றமாக எண்ணிக் கலங்காமல் அடுத்த மணிக்கு வந்துவிட வேண்டும். மணிகள் இருப்பதே அதற்காக.

அப்பத்தா கடைசிவரை பழைய தமிழில்தான் சொன்னார்: ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே’. ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’. வாசலில் நாங்கள் புதுத் தமிழில் சொல்ல, அவர் குரல் மட்டும் நான்கு எழுத்துப் பின்தங்கி வந்து சேரும்.

உடம்புக்கும் இதில் பங்கு உண்டு. 2001-ல் ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு 23 பேரை வைத்துச் செய்யப்பட்டது. இலத்தீனில் மாதா மந்திரத்தை ஜெபமாலை முறையில் சொன்னபோது அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டது. யோக மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும் அப்படியே. முன்பாதி ஒரு மூச்சு, பின்பாதி ஒரு மூச்சு என்று அமைவதால் வருவது இது. இதை ஜெபத்தின் பலன் என்று நான் சொல்ல மாட்டேன். நிம்மதி தருகிற வேறு பழக்கங்களும் உலகத்தில் உண்டு. ஆனால் பதறுகிற நெஞ்சோடு உட்கார்ந்த பெண்ணுக்கு, இரண்டாம் பத்துக்குள் கை நடுக்கம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதற்றம் எப்போது வரும் என்பது எங்கள் பக்கத்தில் கிழமை வாரியாகத் தெரியும். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் கடலுக்குப் போகும். காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஜெபமாலையிலும் கிழமைக் கணக்கு உண்டு: திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மை, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விசைப்படகு வெளியில் இருக்கிற மூன்று இரவிலும் துயர மறையுண்மை வருவதில்லை. யாரும் திட்டமிட்டது கிடையாது. மீன்துறைக்கும் வத்திக்கானுக்கும் என்ன சம்பந்தம்! ஆனாலும், வாடைக்காற்று எழும்புகிற ஒரு திங்கள் இரவில் ‘காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது’ என்று ஐந்தாம் மறையுண்மையை அறிவிக்கும்போது, பாயில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது வேறு மாதிரிக் கேட்கும். மூன்று நாள் பிள்ளையைத் தேடி அலைந்த மரியா அங்கே அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். மகிழ்ச்சி மறையுண்மை என்ற பெயருக்குள் அந்த மூன்று நாள் பயமும் இருக்கிறது. கண்டடைந்ததால்தான் அது மகிழ்ச்சி.

ஒளி மறையுண்மைகளை இரண்டாம் ஜான் பால் 2002 அக்டோபர் 16 அன்று சேர்த்தார். யோர்தானில் ஆண்டவரின் திருமுழுக்கு, கானாவூர்க் கல்யாணம், இறையாட்சியின் அறிவிப்பு, உருமாற்றம், நற்கருணையை ஏற்படுத்தியது என்று ஐந்து. அதற்கு முன்னால் மாலை, 12 வயதுச் சிறுவனாகக் கோவிலில் இருந்தவரிடமிருந்து நேராகக் கெத்சமனித் தோட்டத்துக்குத் தாவிவிடும். நடுவில் கலிலேயா ஏரியும் இல்லை, வலையும் இல்லை, படகும் இல்லை. மீன்பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சீடராக்கிய ஆண்டவரைத் தியானிக்க, மீன்பிடிக்கிற நமக்கு மாலையில் ஓர் இடம் இல்லாமல் இருந்தது. இப்போது வியாழக்கிழமை மூன்றாம் பத்தில் அந்த இடம் இருக்கிறது. வயதானவர்கள் சிலர் இன்னும் பழைய 15 மறையுண்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிலும் ஒரு பிழையும் இல்லை. அந்த 15 பத்தையும் சேர்த்துச் சொன்னால் தொடக்கத்து மூன்றோடு 153 மணி. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கரையில் நின்று வலப்பக்கம் வலை போடச் சொன்னபோது அகப்பட்ட பெரிய மீன்களும் 153. இது தற்செயல்தான், மாலை அதைப் பார்த்துச் செய்யப்பட்டதல்ல. என்றாலும் 153 மணி சொல்லி முடிக்கும்போது எனக்கு அந்தக் கரிநெருப்பும் அதன்மேல் வெந்த மீனும் ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

அக்டோபரில் வரும் மாதா திருநாள் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1571 அக்டோபர் 7 அன்று லெப்பாந்தோ என்ற இடத்தில் நடந்த கடற்போரில் துருக்கியரை வென்றதற்கு நன்றியாக 5ஆம் பயஸ் ஏற்படுத்திய நாள் அது. பிறகு ஜெபமாலை மாதா திருநாளானது, 1716-ல் உலகத் திருச்சபை முழுவதற்கும் வந்தது. 1883-ல் 13ஆம் லியோ அக்டோபரை ஜெபமாலை மாதமாக்கினார். வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் பக்கத்தில், தஸ்பீஹ் மணி உருட்டுகிற இஸ்லாமிய அண்டை வீட்டாரோடு ஒரே கடலில் தொழில் செய்கிற நாம், அந்த நாளைப் போர் வெற்றியாகப் பேசக் கூடாது என்பது என் திடமான எண்ணம். தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவில் மூன்று மதத்தாரும் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மந்திரத்தின் பின்பாதியில் இரண்டு நேரம் மட்டும் வருகிறது: இப்பொழுது, பிறகு மரண நேரம். நடுவில் இருக்கிற காலத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவே நீண்ட தூரம் இருப்பதுபோல் தோன்றலாம். கடலில் அப்படி இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் படுத்தவர்களுக்கு இப்பொழுதும் மரண நேரமும் ஒரே அலையில் வந்தது. அங்கே மிச்சம் நிற்கிற கோவில் சுவரைச் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், எடுக்கட்டும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிப் பார்த்தால் பின்பாதி எவ்வளவு கனமானது என்று தெரியும். நம் ஊரில் இறந்தவர் கையில் ஜெபமாலையைச் சுற்றி வைப்பதும், துக்க வீட்டில் இரவெல்லாம் ஜெபமாலை சொல்வதும் சடங்கு மட்டுமல்ல. வாழ்நாள் முழுவதும் ‘மரண நேரத்திலும்’ என்று முன்கூட்டியே கேட்டு வைத்த ஜெபம் அன்று தவணைக்கு வருகிறது.

இன்னொரு சொல் உண்டு. அதைக் கவனித்த பிறகு என்னால் ஜெபமாலையை முன்போல் சொல்ல முடியவில்லை. ‘எனக்காக’ என்று அதில் எங்கும் இல்லை. தனியாக உட்கார்ந்து சொன்னாலும் ‘எங்களுக்காக’ என்றுதான் வரும். அந்த ‘எங்கள்’ எதுவரை போகும்? ஒரு புதன்கிழமை இரவில் இங்கே மகிமை மறையுண்மை ஓடும்போது, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பேசாலையிலும் அதே மகிமை மறையுண்மை, அதே தமிழில் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பிடிபட்டுப் போனவனுக்காக ஒரு தாய் வேண்டுகிறாள். அங்கே, இரவில் வந்த நம் இழுவைப் படகுகள் தன் மகனின் வலையை அறுத்துக்கொண்டு போகக் கூடாதே என்று இன்னொரு தாய் வேண்டுகிறாள். இருவரும் ஒரே மாதாவிடம் ‘எங்களுக்காக’ என்கிறார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே மணலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும்போது முன்பாதி ஒரு கரையின் வாயிலிருந்தும் பின்பாதி மறுகரையின் வாயிலிருந்தும் வருவதைக் கேட்டால், இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. அரசாங்கங்கள் பேச வேண்டியது தனி. அடுத்தவன் வலையை நினைக்காமல் நான் ‘எங்களுக்காக’ என்று சொல்லலாமா என்பது என் ஜெபமாலை என்னிடம் கேட்கிற கேள்வி.

அதனால்தான் ஜெபமாலையை வெறும் காவல் கயிறாக்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. படகின் முன்பக்கம் ‘மரியே வாழ்க’ என்று எழுதி, சுக்கானுக்குப் பக்கத்தில் ஜெபமாலையைத் தொங்கவிடுவதில் அன்பு இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. தொங்கவிட்டதோடு நின்றுவிட்டால் அது பிளாஸ்டிக் மணி. மாதா தாமாக எதையும் தருவதாக இந்த ஜெபத்தில் நாம் சொல்வதே இல்லை. ‘வேண்டிக்கொள்ளும்’ என்றுதான் கேட்கிறோம். கானாவூரில் இரசம் தீர்ந்தபோது அவர் மகனிடம் போய்ச் சொன்னார், பணியாளரிடம் அவர் சொல்வதைச் செய்யுங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது, இன்றும் செய்வது. பக்தி முயற்சிகள் எல்லாம் திருவழிபாட்டுக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் சொன்னது. பூசைக்குப் பதிலாக ஜெபமாலை என்ற பேச்சுக்கே இடமில்லை. பூசையில் கேட்ட நற்செய்தியை வாரம் முழுவதும் விரலில் வைத்திருக்க ஜெபமாலை.

கைக்கு வேலை இருக்கிற பெண்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் பாசி எடுக்கிறவளுக்கு மாலை பிடிக்க முடியாது. கருவாடு திருப்புகிறவள் கையில் உப்பு. அவர்கள் விரல் கணுவில் எண்ணுகிறார்கள். அதுவும் முடியாதபோது எண்ணாமலே சொல்கிறார்கள். ஒரு பத்து கூடப் போகும், ஒரு மணி குறையும். மாதா கணக்கு நோட்டு வைத்திருப்பவர் இல்லை.

தம்பி இப்போது விசைப்படகில் போகிறான். படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, அப்பாவின் படகுக்கு ஆள் தேவைப்பட்டது. சனிக்கிழமை போனால் ஞாயிறு விடியும் முன்னே அவன் அம்மா மற்ற பெண்களோடு கோவிலுக்கு வந்துவிடுவார். பூசைக்கு முன்னால் மகிமை மறையுண்மை. மூன்றாம் பத்து, நான்காம் பத்து என்று போகும்போது வடகடல் பக்கமிருந்து இன்ஜின் சத்தம் ஒன்று கேட்கும், பிறகு இரண்டு, பிறகு எந்தப் படகு எது என்று பிரிக்க முடியாதபடி நிறைய. சத்தத்தை வைத்தே தங்கள் படகை அடையாளம் தெரிந்தவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வேகமாக வெளியே போவார்கள். வாங்கிச் சொல்லும் குரல்கள் இருபது, பதினைந்து, ஏழு என்று குறையும். ஆனால் ஐந்தாம் பத்து ஒருநாளும் பாதியில் நின்றதில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து முன்பாதியையும் பின்பாதியையும் தாமே சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பெரும்பாலும், படகு இன்னும் வராதவர்.